விரல் விரித்து நடந்த எலி

சேலியமேடு, பாகூர்
18 ஆகஸ்ட் 2024

டேனியல்,

இது இடது கை எழுத்து. கோணலாகத்தான் இருக்கும். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறது பிசியோதெரபி அக்கா. எதை எழுதுவது என்று கேட்டேன். "உனக்கு யார் மேல கோவமோ அவங்களுக்கு எழுதுப்பா" என்றது. கம்பெனி முதலாளிக்குத் தமிழ் தெரியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தகடு வெட்டும் எந்திரம். கை உள்ளே போனால் தானாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அதன் மேல் டேப் ஒட்டி வைத்திருந்தான். மே மாதம் ஒரு நாள் தகடு வழுக்கியது. நான் கையை இழுப்பதற்குள் கத்தி முன்கையைத் திறந்துவிட்டது. எந்திரத்துக்கு என் கை தெரியவில்லை. இப்போது எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடினால் வலது கை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

கம்பெனி காட்டிய ஆஸ்பத்திரியில் தோலைத் தைத்து அனுப்பினார்கள். சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. இந்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே இரண்டு நரம்பு அறுந்து கிடக்கிறது, நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்கிறார் டாக்டர். கெண்டைக்காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போடணுமாம். சீக்கிரம் போடணுமாம்.

அதே வாரம் பேப்பரில் உன் படம். 'அறுந்த நரம்பை வளர வைக்கும் மின்குழாய்: பாகூர் இளைஞர் சாதனை.' பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். உன் தலையைவிடக் கட்சிக்காரன் தலை பெரிது. நம் தெருவில் ஒருத்தன் பாக்கியில்லாமல் வந்து சொல்லிவிட்டான்: "இன்னாத்துக்குடா காலை வெட்டிக்கிற? உன் கூட்டாளி டேனியலுதான் கீறானே!"

ஒரே கேள்வி. அந்தக் குழாய் எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? போனில் கேட்டால் மழுப்புவாய். எழுது.

மணிவண்ணன்


புனே
30 ஆகஸ்ட் 2024

மச்சான் மணி,

நீ போனை எடுப்பதில்லை. செல்வகுமாரிக்கு அடித்தால், "அவரு எழுத்துலதான் பேசுவாராம்ணா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று வைத்துவிட்டது உன் பெண்டாட்டி. சரி, எழுதுகிறேன்.

கிடைக்காது. இப்போதைக்குக் கிடைக்காது. பேப்பர்காரன் என்னிடம் பேசவே இல்லை, என் கைடிடம் பேசினான். அந்தப் பேராசிரியர் எதையும் ஒரு படி ஏற்றித்தான் சொல்வார்.

குழாய் என்பது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். உடம்பில் தானாகக் கரைந்துபோகிற ஒரு பிளாஸ்டிக். அதில் கிராஃபீன் என்ற கரித்தூளைக் கலக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரித்தகடுகள். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் குழாயில் மின்சாரம் ஓடும். அறுந்த நரம்பின் இரண்டு முனையையும் குழாயின் இரண்டு பக்கமும் சொருகித் தைப்போம். நரம்பு தனக்குள் பேசிக்கொள்வதே மின்சாரத்தில்தான். எனவே அந்தப் பாதையில் லேசாக மின்சாரம் கொடுத்தால் நரம்பு வழி தப்பாமல் வளரும் என்பது எங்கள் கணக்கு.

இதுவரை எலிக்குத்தான் வைத்திருக்கிறோம். அதுவும் உன் நகம் அளவு இடைவெளிக்கு. உன் கையில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு.

இன்னொன்றும் சொல்கிறேன், பேப்பரில் வராதது. காலின் நரம்பை அறுத்த எலிகளில் சில, தம் கால்விரலைத் தாமே கடித்துத் தின்றுவிடும். உணர்ச்சி இல்லாததால் அது தன் கால் என்றே அதற்குத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் கூண்டில் இரத்தம் இருக்கும். அந்தக் கூண்டைக் கழுவும் வேலை இத்தனை பேர் இருக்கும் லேபில் எனக்குத்தான் வந்து சேருகிறது. ஏன் எனக்கு என்று உனக்கு விளக்கத் தேவையில்லை.

டாக்டர் சொல்வதைக் கேள். காலில் இருந்து எடுத்தால் பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடை கெடாது. காத்திருக்காதே. நரம்பு வராத தசை நாள் ஆக ஆகச் செத்துப்போகும். செத்த தசைக்கு எந்த நரம்பு போய்ச் சேர்ந்தும் பயன் இல்லை.

டேனியல்


சேலியமேடு
22 செப்டம்பர் 2024

டேனியல்,

படித்தேன். செல்வகுமாரிக்கும் படித்துக் காட்டினேன். எலி விரலைத் தின்னும் இடம் வந்ததும் எழுந்து போய்விட்டது.

'பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும்' என்று எவ்வளவு சுலபமாக எழுதுகிறாய். என் உடம்பில் இன்னும் எத்தனை இடம் மரத்துப்போகலாம் என்று நீயும் டாக்டரும் பேசி வைத்திருக்கிறீர்களா? கை போச்சு. அதைச் சரிபண்ணக் காலைக் கொடு. அந்த ஒட்டும் பிடிக்கவில்லை என்றால்? "கேரண்டி கேக்கக் கூடாதுபா, முயற்சிதான்" என்கிறார் டாக்டர். ஐடிஐயில் எங்கள் சார் சொல்வார், நல்லா ஓடுகிற வண்டியில் இருந்து பார்ட்ஸைக் கழற்றி ஓடாத வண்டிக்குப் போடாதே, இரண்டும் நின்றுவிடும் என்று.

உன் குழாய் வந்தால் காலைத் தொட வேண்டியதில்லை. அதை நீ செய்கிறாய். உன் கையால் செய்கிறாய். எனக்கு மட்டும் இல்லை என்கிறாய். நம் தெருவில் இருந்து போனவன் செய்த பொருள் நம் தெருவுக்கு ஆகாது என்றால் அது யாருக்கு? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கம்பெனியில் இருந்து ஆள் வந்தான். நான் அங்கே வேலை செய்ததாகவே கணக்கில் இல்லையாம். காண்டிராக்ட்காரனைத்தான் கேட்க வேண்டுமாம். காண்டிராக்ட்காரன் போனை எடுப்பதில்லை. ஆனால் மனசு வந்து செல்வகுமாரிக்குப் பேக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஏறின அதே வேனில், நான் உட்கார்ந்த அதே சீட்டில் அது போகிறது. டேப் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறதாம். புது டேப்.

ஆபரேஷனுக்கு டிசம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நீ ஏதாவது சொல்.

மணிவண்ணன்


புனே
10 நவம்பர் 2024

மச்சான்,

உனக்கு ஒன்று அனுப்புகிறேன். கடிதத்தோடு மடித்து வைத்திருக்கும் காகிதப் பட்டையைப் பிரித்துப் பார்.

அது எலியின் கால்தடம். பின்னங்காலில் மை தடவி, குறுகலான பாதையில் நடக்க விடுவோம். நரம்பு அறுந்த கால் விரல்களைச் சுருக்கிக்கொண்டு இழுபடும். தடத்தில் வெறும் கோடுதான் விழும். இந்தப் பட்டையின் இடது ஓரத்தில் அதுதான் இருக்கிறது, ஆகஸ்டில் எடுத்தது. வலது ஓரத்தில் இருப்பது போன வாரத்தினுடையது. அதே எலி, அதே கால். விரல்களை எண்ணிப் பார். தனித்தனியாக விரிந்திருக்கின்றன. குழாய் வழியாக நரம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, மணி.

நான் லேபில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து சீட் பெண், "என்ன, எலி செத்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டாள். இல்லை, நடந்துவிட்டது என்றேன்.

கைடு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார். பொங்கல் கழித்து மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி வந்துவிடும் என்கிறார். வந்தால் முதல் ஆளாக உன் பெயரைத்தான் சொல்வேன். அவர் கேட்பாரா என்று தெரியாது. ஆனால் சொல்வேன்.

ஆபரேஷன் பற்றி நீயே டாக்டரோடு பேசி முடிவு செய். நான் இங்கிருந்து என்ன சொல்வது?

டேனியல்


சேலியமேடு
17 டிசம்பர் 2024

மச்சான் டேனியல்,

முதலில் சேதி. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். புயல் போன மறுநாள் தென்பெண்ணைத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். உங்கள் அப்பாவைக் கழுத்து மட்டத் தண்ணீரில் நம் தெரு அரிகரன் தன் தோளில் தூக்கிவந்தான். "பையன் சயின்டிஸ்டு, நான் இவன் தலை மேல போறேன்" என்று உன் அப்பா வழியெல்லாம் சிரிப்புக் காட்டினார். கரும்பு படுத்துவிட்டது. வெட்டுக்கு ஆள் கூப்பிட இந்த வருசம் யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் கூரையில் இரண்டு ஷீட் பறந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் இருந்த உன் ஃப்ளெக்ஸைக் காற்று பிய்த்து வயலில் போட்டிருந்தது. எடுத்துவந்து ஓட்டை மேல் கட்டியிருக்கிறேன். உள்ளே படுத்தால் நீ வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிகிறாய். கட்சிக்காரன் தலை அடுப்புக்கு மேலே.

எலிப் பட்டை நனையவில்லை. அரிசி டிரம்மில் போட்டு மூடி வைத்திருந்தது செல்வகுமாரி. சாமி படத்தைக்கூட அது அப்படிக் காப்பாற்றவில்லை. தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டது. "எலிக்கே வந்திடுச்சி, நமக்கு வராதா? நாம இன்னா எலிக்கும் கீழயா?" என்று கேட்கிறது. நான் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

போன வாரம் ஆபரேஷன் தேதி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டருக்குப் பட்டையைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யோவ், இது எலிய்யா. நீ மனுசன்யா. போனா இந்த டேட்டு திரும்ப வராது" என்றார். என் கூட்டாளிதான் சார் செய்கிறான், பொங்கலுக்கு அப்புறம் முதல் ஆள் நான்தான் என்றேன். என் இடத்தில் வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது என் எழுத்து எப்படி? ரெண்டு பக்கம் வந்துவிட்டது பார்.

மணி


புனே
21 ஜனவரி 2025

மணி,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றைக்கே போ. நீ ஏன் தேதியை விட்டாய்? நான் விடச் சொல்லவில்லையே. சொல்லவில்லை. ஆனால் விடாதே என்றும் சொல்லவில்லை. அதை நூறு தடவை யோசித்துவிட்டேன்.

அனுமதி வந்துவிட்டது. மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைக்கப் போகிறார்கள். யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. விரல் நரம்பு மட்டும். இடைவெளி குட்டியாக இருக்க வேண்டும். காயம் பட்டு இரண்டு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும். முன்கைக் காயம் கூடாது. எந்திரத்தில் நசுங்கிய காயம் கூடாது. பழைய காயம் கூடவே கூடாது.

இந்த விதிகளை கம்ப்யூட்டரில் அடித்தவன் நான்தான். கைடு சொல்லச் சொல்ல அடித்தேன். 'எந்திரக் காயம்' என்ற இடத்தில் நிறுத்தினேன். "ஏன் சார்?" என்று கேட்டேன். "முதல் சோதனையில் தோற்கக் கூடாது. தோற்க வாய்ப்பிருக்கிற கை நமக்கு வேண்டாம்" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். நல்ல மனிதர்போல் கேட்டுக்கொண்டார். "ரொம்ப வருத்தம். அடுத்த வரியை அடி" என்றார்.

அவர் சொன்னது அறிவியலில் சரி. அதுதான் என்னைக் கொல்கிறது. உன் கையில் வைத்துத் தோற்றால் குழாயே மூலைக்குப் போய்விடும். யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

டாக்டர் காலைப் பிடித்தாவது தேதி வாங்கு. காலில் இருந்து நரம்பு எடுக்கட்டும். இன்னும் நேரம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

டேனியல்


சேலியமேடு
9 மார்ச் 2025

டேனியல்,

போனேன். பழைய டாக்டர் மாறிப் போய்விட்டார். புது டாக்டர் அம்மா. கையில் ஊசி குத்தி மெஷினில் பார்த்தார். திரையில் கோடு போகவேண்டும். அங்கங்கே துடிக்கவேண்டும். கோடு மட்டும் போனது. "ஏன்பா இவ்வளவு லேட்டா வந்த?" என்று கேட்டார். வலிக்கிற குரலில்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அதட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன்.

ஒட்டுப் போட்டாலும் விரலை ஆட்டும் தசைக்கு இனி உயிர் வராதாம். வேலை செய்கிற தசைநாண் ஒன்றை இடம் மாற்றிக் கட்டினால் டம்ளர் பிடிக்கிற அளவு வரலாம் என்றார். உணர்ச்சி வராது. அதற்கும் வரிசை. வரிசையில் என் பெயர் இருக்கிறது. எந்த வருசம் என்று சொல்லவில்லை.

உன் விதியைப் பற்றி யோசித்தேன். யோசிக்கத்தான் எனக்கு இப்போது நேரம் இருக்கிறதே.

இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நரம்பு அறுந்தது யாருக்குத் தெரியும்? கார் வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். எனக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி தோலைத் தைத்தது. நரம்பைப் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. எந்திரக் காயம் கூடாது. எந்திரத்தில் கையை விடுகிறவன் யார்? ஏழையைச் சேர்க்கமாட்டோம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லை. நாள் கணக்கையும் காயத்தின் பெயரையும் எழுதினால் போதும், நாங்களே வெளியில் நிற்போம்.

நீ அடித்தாய். உன் பத்து விரலாலும் அடித்தாய். அறிவியலில் சரி என்று வேறு சொல்கிறாய். சரியாகவே இருக்கட்டும்.

தப்பு உன்னுடையது மட்டும் என்று நான் சொல்லவில்லை. தேதியை விட்டது நான். எலிக்கு வந்தது எனக்கு வரும் என்று நம்பினது நான். ஆனால் பட்டையை அனுப்பினது நீ. எதற்கு அனுப்பினாய்?

மணிவண்ணன்


புனே
2 ஜூன் 2025

மணி,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எதற்கு அனுப்பினேன்? சந்தோஷத்தில் அனுப்பினேன். இங்கே அதைக் காட்ட எனக்கு ஆள் இல்லை. உன்னிடம் காட்டணும் என்று தோன்றியது. உன் கை என்ன ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை. நான் ஜெயித்ததை நீ பார்க்கணும் என்றுதான் நினைத்தேன். இதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

முதல் ஆளுக்கு வைத்துவிட்டார்கள். பார்ட்டியில் கண்ணாடிக் கோப்பை உடைந்து விரல் கிழிந்த ஒரு பெண். அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டார். இப்போது விரல் நுனியில் கூச்சம் திரும்புகிறதாம். பஞ்சால் தொட்டால் தெரிகிறதாம். கைடு பேப்பரில் வந்துவிட்டார். இந்த முறை என் படம் இல்லை. பெயரும் இல்லை.

குழாய் வேலை செய்கிறது, மணி. வேலை செய்யாமல் இருந்திருந்தால் நீ இழந்தது ஒன்றுமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். வேலை செய்கிறது.

இன்னும் கூண்டு கழுவுகிறேன். புதுத் தொகுதி எலிகள் வந்திருக்கின்றன. தீபாவளிக்கு ஊருக்கு வரட்டுமா? உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வரட்டுமா?

டேனியல்


சேலியமேடு
14 செப்டம்பர் 2025

டேனியல்,

வராதே.

உன்னை விரட்டுவதற்காகச் சொல்லவில்லை. வந்தால் நம் தெரு உன்னைச் சுற்றி நின்று ஆளாளுக்குத் தன் கையைக் காட்டும். எனக்குத் தெரியும். மாரிமுத்துவின் மகனுக்குக் கரும்பு வெட்டும்போது கையில் கத்தி இறங்கியிருக்கிறது. அவனும் உன் பெயரைச் சொல்கிறான். நான்தான் அவனைத் திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "டேய், பேப்பரைப் பாத்துக்கினு உக்காராத, என்னைப் பாரு" என்றேன். என்னைப் பார்த்தான். போய்விட்டான். காலில் நரம்பு எடுத்து அவனுக்கு ஒட்டுப் போட்டாயிற்று.

என்னைப் பார்த்ததும் ஏன் போனான் என்று சொல்கிறேன். ஜூலையில் ஒரு நாள். செல்வகுமாரி வேனில் போய்விட்டது. சமையல் இப்போது என் வேலை. அடுப்பில் கருவாடு. இடது கையால் கிளறிக்கொண்டே வலது கையை எங்கே வைத்தேன் என்று பார்க்கவில்லை. தீய்கிற நாற்றம் வந்தது. கருவாடுதான் தீய்கிறது என்று நினைத்து இறக்கி வைத்தேன். நாற்றம் நிற்கவில்லை. அப்புறம்தான் பக்கத்து அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மேல் என் கை இருந்ததைப் பார்த்தேன்.

கத்தக்கூட இல்லை. கத்துவதற்கு வலிக்கணுமே.

சீழ் பிடித்தது. சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். இந்தக் கையில் இனி தசைநாண் மாற்றுவதும் பயன் இல்லை என்று வரிசையில் இருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள்.  வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் செல்வகுமாரி எலிப் பட்டையை டிரம்மில் இருந்து எடுத்து அடுப்பில் போட்டது. அப்புறம் வேனுக்குப் போய்விட்டது.

எலி தன் விரலைத் தானே தின்னும் என்று எழுதினாயே. படித்தபோது அது வேறு ஜீவன் என்று நினைத்தேன்.

இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். கூரை மேல் கட்டியிருந்த உன் ஃப்ளெக்ஸில் ஒரு துண்டு அறுத்தேன். அது இருந்த இடத்தில் இனி மழை ஒழுகும், ஒழுகட்டும். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. வலது கையில் பெயிண்ட் தடவி அதில் அழுத்தினேன். ஜில்லென்று இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. விரல் விரியவில்லை. செல்வகுமாரிதான் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடித்தது. விட்டதும் சுருண்டுகொண்டது. அதனால்தான் தடம் இழுபட்டிருக்கிறது.

திருப்பிப் பார்க்காதே, அந்தப் பக்கம் உன் வாய் இருக்கிறது, சிரித்தபடி. இந்தப் பக்கம் மட்டும் பார். எலிக்கு அளக்கிற அதே ஸ்கேலை எடு. விரலுக்கு விரல் அளந்து, உன் எலித் தடங்களோடு வரிசையில் ஒட்டி வை.

இது எந்தக் குழாயும் வைக்காதது என்று பக்கத்தில் எழுது. உன் கையாலேயே எழுது.

மணிவண்ணன்